காடைக்கரட்டுப் பல்லியின் எல்லை

என் பெயரைச் சொல்லிவிட்டான். மைக்கில், நிறுத்தி, முனைவர் அமலோற்பவம் அவர்கள் என்று, மணமேடைக்குப் பெண்ணை அழைக்கிற குரலில். இது கல்யாண மண்டபம்தான், அந்தக் குரலுக்குப் பொருத்தமான இடம். மேடையில் போன முகூர்த்தத்துக்கு ஒட்டிய தெர்மாகோல் இதயம் பாதி உரிந்து தொங்குகிறது. அதன் மேலேயே வெள்ளைத் திரையைக் கட்டிவிட்டார்கள். திரையில் நான் வரைந்த வரைபடம். நான்கு புள்ளிகள், நான்கையும் சுற்றி ஒரு கோடு, கோட்டுக்கு உள்ளே இளம்பச்சை. எந்தப் பச்சை வைப்பது என்று ஒரு சாயங்காலம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன், கண்ணை உறுத்தாத பச்சையாக இருக்க வேண்டும் என்று. இப்போது உறுத்துகிறது. "காடைக்கரட்டுப் பல்லி இந்தக் கரட்டில் மட்டுமே வாழ்கிறது என்று முன்பு நம்பப்பட்டது," என்கிறான் கிரிதரன். குவாரிக் கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதிக்கொடுத்தவன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் சிவப்புப் புள்ளி அடிக்கிற பேனா. "ஆனால் இதோ, இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கும் மேடம் அவர்களின் அயராத உழைப்பால், இது இன்னும் மூன்று இடங்களில் வாழ்வது நிரூபிக்கப்பட்டுள்ளது. ஆகவே காடைக்கரட்டில் குவாரி அமைவதால் இந்த இனத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. இதை நான் சொல்லவில்லை. மேடம் சொல்கிறார்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்துகிறான். முன்வரிசையில் கம்பெனித் தொப்பி போட்டவர்கள் கைதட்டுகிறார்கள். வேனில் ஏற்றி வந்தவர்கள், எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுகிறார்கள். என் பக்கத்து நாற்காலியில் குருவம்மாள் அக்கா, கரட்டூர் வார்டு மெம்பர், என் முழங்கையைத் தொடுகிறாள். "டீச்சர், ஒங்களத்தான பாராட்டுறாக? கையத் தட்டவா, வேணாமா?" என்கிறாள். வேண்டாம் அக்கா என்கிறேன். "அப்ப திட்டுறானா?" இல்லை அக்கா. "பாராட்டுமில்ல, திட்டுமில்ல, அப்ப எதுக்கு ஒங்க மூஞ்சி இப்பிடி இருக்கு?" என் உழைப்பை எடுத்து என் கழுத்துக்கே சுருக்குப் போடுகிறவனை எந்த வார்த்தையில் சேர்ப்பது. அயராத உழைப்பாம். இவனுக்கு என்ன தெரியும். மதியம் பாறை எப்படிச் சுடும் என்று தெரியுமா, உள்ளங்கைத் தோல் பாறையில் ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரியுமா. கரட்டுக்கே, அந்தப் பாறைக்குன்றுக்கே, அவன் வந்ததில்லை. அறிக்கையில் அவன் போட்டிருக்கும் கரட்டின் புகைப்படம்கூட அடிவாரத்துத் தார் ரோட்டிலிருந்து, காருக்குள் உட்கார்ந்தபடி எடுத்தது, கீழே கண்ணாடியின் பிரதிபலிப்பு தெரிகிறது.

கோபத்தைக் கோட்டின் மேல் காட்டி என்ன ஆகப்போகிறது, கோடு என்னுடையது. விதி அப்படி. ஓர் உயிர் எங்கெங்கே பார்க்கப்பட்டதோ அங்கெல்லாம் புள்ளி வைக்க வேண்டும், வெளிப்புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுக்க வேண்டும், கோட்டுக்குள் இருப்பது எல்லாம் அதன் வீடு. உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஒரு புள்ளி இருந்தவரை வீடு ஒரு கரடு. மூன்று புள்ளி கூடியதும் வீடு அரை மாவட்டம். என் கோட்டுக்குள் நூற்பாலை இருக்கிறது, கோழிப்பண்ணைகள் இருக்கின்றன, பஸ் ஸ்டாண்டும் அதன் மூத்திரச் சந்தும் இருக்கின்றன, நான் கௌரவ விரிவுரையாளராகக் குப்பை கொட்டும் கல்லூரி இருக்கிறது, இந்த மண்டபமும் இருக்கிறது. கணக்குப்படி இப்போது இந்த நாற்காலிக்கு அடியிலும் காடைக்கரட்டுப் பல்லி வாழ்கிறது. வீடு பெரிதானால் ஆபத்து சிறியது, ஆபத்து சிறியதானால் பாதுகாப்பு எதற்கு. அழியும் உயிரினங்களின் அட்டவணையில் ஒரு படி இறங்கிவிட்டது என்று போன மாதம் கடிதம் வந்தபோது பிரின்சிபால் எனக்குச் சால்வை போர்த்தினார். ஒரு பல்லியின் எல்லையை விரித்தவர் என்று பேசினார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். சால்வை வீட்டில் பீரோவில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். இடது பக்கச் சுவரில் குழல்விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுப்பல்லி. தொப்பிக்காரன் ஒருவன் அதைக் கண்டுவிட்டான். "ஏ, அங்க பாருங்கப்பா, டீச்சர் பல்லி செவுத்துல இருக்கு. இனிமே இந்த மண்டபத்துக்கு வெள்ளையடிக்கணும்னாலும் டெல்லில ஆர்டர் வாங்கணும்." அவன் வரிசை முழுவதும் சிரிக்கிறது. குருவம்மாள் அக்காவுக்கும் உதடு துடிக்கிறது, எனக்காக அடக்கிக்கொள்கிறாள். சிரிக்கட்டும். பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பலன் சொல்லக் காலண்டரில் இடம் இருக்கிறது. பல்லியின் தலையில் மலை விழுந்தால் என்ன பலன் என்று எதிலும் போடவில்லை. மேடையில் நடுநாயகமாக இருக்கும் அதிகாரி மணியைப் பார்க்கிறார். அவருக்கு முன்னால் தண்ணீர் பாட்டில், பூங்கொத்து, வீடியோ எடுக்கிறவரின் முதுகு. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர். கருத்தைக் கேட்பார்கள், பதிவு செய்வார்கள், பதிவானதுதான் மேலே போகும். பதிவாகாததற்கு எவ்வளவு கத்தினாலும் மதிப்பில்லை. இது எனக்குத் தெரியும். அதனால்தான் மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதி, வீட்டில் சமையல் மேடை முன்னால் நின்று வாசித்துப் பார்த்து வந்திருக்கிறேன். கையில் இருக்கிறது, வியர்வையில் ஓரம் சுருண்டு. இதில் ஒரு வாக்கியம்கூட இனி உதவாது. எல்லா வாக்கியமும் இந்தப் பல்லி அரியது என்று தொடங்குகிறது. அரியது இல்லை என்று மேடமே சொல்லிவிட்டார்.

"எங்க வீடு விரிசல் விட்டதுக்கு ஒரு பய வந்து பாக்கல," என்கிறாள் அக்கா என் காதருகே. "இப்ப இருக்க சின்னக் குவாரில வெடி வச்சாலே அடுப்புல இருக்க சட்டி நடந்து போகுது. கெணத்துல தண்ணி கலங்கிப்போச்சு. அதுக்கெல்லாம் சட்டமில்லையாம். ஒங்க பல்லிக்குத்தான் சட்டம் இருக்காமே, அதான டீச்சர் நீங்க சொன்னது? அதான ஊரே ஒங்க பின்னால வந்து உக்காந்துருக்கு." ஆமாம், நான்தான் சொன்னேன். கரட்டூர் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று சொன்னேன், இந்தப் பல்லி உலகத்தில் வேறெங்கும் இல்லை, இதைக் காட்டி உங்கள் கரட்டைக் காப்பாற்றலாம் என்று. அப்போது எனக்கு அந்த ஒரு புள்ளிதான் தெரியும். சுண்டுவிரல் நீளம்தான் அது. பகலில்தான் வெளியே வரும். ஆணுக்குத் தொண்டையில் மஞ்சள், தலையைத் தூக்கினால் மஞ்சள் சிமிழைத் திறந்த மாதிரி ஒரு பளிச். பாறை இடுக்கில் பட்டாணி அளவில் இரண்டு முட்டை, முட்டையைக் கல்லோடு ஒட்டிவைக்கும், பெயர்க்க வராது, பொரிந்து போன பிறகும் கல்லில் சுண்ணாம்பு வளையம் வருஷக்கணக்கில் இருக்கும். இவ்வளவையும் அவர்களுக்குச் சொன்னேன், அக்கா கேட்டுவிட்டு, "பெத்த எடத்த விட்டுப் போகாத பிள்ளைக," என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன். சும்மா இருந்தேனா. இங்கே மட்டும்தான் இருக்கிறது என்றால் போதாது, வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறாயா, தேடாமல் எப்படி இல்லை என்பாய் என்று யாரோ ஒரு கருத்தரங்கில் கேட்டான், அது நெஞ்சில் தைத்துவிட்டது, தேடக் கிளம்பினேன். சுற்றியுள்ள கரடு ஒன்று விடாமல் ஏறினேன். ஒன்றிலும் இல்லை. அதே பாறை, அதே கள்ளி, அதே வெயில், பல்லி மட்டும் இல்லை. பிறகு ஒருநாள், கரடே இல்லாத இடத்தில், செங்கட்டாம்பட்டிக் கண்மாய்க்கரையில், தண்ணீர்ப் பக்கம் பாவியிருந்த கல்லில், மஞ்சள் தொண்டை. நான் உட்கார்ந்துவிட்டேன். கண்மாயில் எருமை கழுவிக்கொண்டிருந்தவர், "என்னம்மா, மயக்கமா, கண்ணக் கட்டுதா?" என்று கேட்டார். இல்லை ஐயா, சந்தோஷம் என்றேன். எருமையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார். பிறகு மஞ்சளோடைத் தடுப்பணைச் சுவரில். பிறகு மூணுகண் பாலத்துப் பக்கச் சுவரில். மலையில் கிடைக்காதது மனிதன் கட்டியதில் கிடைக்கிறது. ஆய்விதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்டவர், பெயர் தெரியாதவர், அதையேதான் கேட்டிருந்தார், பக்கத்துக் கரடுகளில் இல்லாத ஒன்று கண்மாய்க்கரைக்கு எப்படிப் போயிற்று என்று. எனக்கு ஆத்திரம் வந்தது. கரட்டில் கால்வைக்காத எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து என்னைக் கேட்கிறான் என்று நினைத்தேன். மனிதக் கட்டுமானங்களுக்கு இந்த இனம் தன்னை எளிதில் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று பதில் எழுதினேன். அந்த வாக்கியம் அச்சாகிவிட்டது. அதோ, திரையில் இப்போது வந்திருப்பது அந்த வாக்கியம்தான், மஞ்சள் அடிக்கோட்டுடன்.

"மேடம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்," என்கிறான் கிரிதரன். "புதிய இடங்களில் இது முட்டையிட்டு இனப்பெருக்கமும் செய்கிறது. இதோ, மேடம் எடுத்த புகைப்படம்." மூணுகண் பாலத்துச் சுவர். பெரிய கல் ஒன்று, அதன் ஓரத்தில் வெள்ளை வளையம், வளையத்தில் பாதிதான் தெரிகிறது, மீதி கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூசிய சாந்துக்குள் போய்விட்டது, அரைநிலா மாதிரி. முழு வளையம் உள்ள படமும் என்னிடம் இருந்தது. இதுதான் பார்க்க அழகு என்று இதை அனுப்பினேன். இப்போது மண்டபத்துச் சுவர் அகலத்துக்கு விரிந்து நிற்கிறது, அரைநிலா, அதன் மேல் அவனுடைய சிவப்புப் புள்ளி ஈ மாதிரி சுற்றுகிறது. அளவுகளும் எடுத்திருக்கிறார் என்கிறான், எல்லாப் பல்லியும் நல்ல வளர்ச்சி, ஏறக்குறைய ஒரே அளவு, ஆரோக்கியமான கூட்டம் என்கிறான். ஒரே அளவு. ஆமாம். எவ்வளவு சீரான அளவு என்று சந்தோஷப்பட்டேன், ஒரே வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தின மாதிரி. காடைக்கரட்டில் அப்படி இருக்காது. அங்கே கிழடு இருக்கும், வால் அறுந்தது இருக்கும், தீக்குச்சி மாதிரி குஞ்சு இருக்கும். கண்மாய்க்கரையில் குஞ்சு பார்த்தேனா. பார்க்கவில்லை. பருவம் தப்பி வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் பார்க்கவில்லை. அப்போதும் பருவத்தின் மேல் பழியைப் போட்டேன். சீ, இப்போது எதற்கு இது. என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள், நான் குஞ்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்ன பேசுவது. என் கட்டுரையை நீங்கள் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லலாம். அவன் எங்கே தவறு மேடம் என்று கேட்பான், பணிவாக. நாலு இடத்தில் இருப்பது ஓர் இடத்தை அழிக்க அனுமதி ஆகாது என்று சொல்லலாம். ஆகாதுதான், ஆனால் அட்டவணை ஆகும் என்கிறதே. அழலாம். டீச்சர் அழுதது நாளை படத்தோடு பத்திரிகையில் வரும், அழுகை அறிக்கையில் வராது. பல்லைக் கடிப்பதில் காது வலிக்கிறது. அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறாள், வீட்டுக்கு வந்த மருத்துவரைப் பார்க்கிற பார்வை, நீதான் ஏதோ செய்யப்போகிறாய் என்கிற பார்வை. அந்தப் பார்வையின் மேலும் கோபம் வருகிறது. என்னை ஏன் நம்பினீர்கள். நான் பல்லி பார்க்கிறவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் புள்ளி வைப்பது. புள்ளி வைத்தேன், உங்கள் தலையில் வைத்தேன்.

கிரிதரன் உட்கார, கம்பெனி மேனேஜர் எழுகிறார். துரைப்பாண்டி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பதில் மூச்செல்லாம் கேட்கிறது. "அய்யாமாருக்கும் தாய்மாருக்கும் வணக்கம். நாங்க வெளியூர்க்காரங்க இல்ல. கரட்டுக்குக் கெழக்கால சின்னதா ஒரு குவாரி இத்தன வருசமா நடத்துறோம், யாருக்காவது ஒரு கெடுதல் செஞ்சிருக்கமா?" "அடுப்புச் சட்டி நடக்குதுல்ல," என்கிறாள் அக்கா, உரக்கவே. பின்வரிசையில் சிரிப்பு. அவரும் சிரித்துக்கொள்கிறார். "சட்டி நடந்தா சாப்பாட்ட அதுவே கொண்டாந்து குடுத்துரும் ஆத்தா, ஒனக்கு வேல மிச்சம்." தொப்பிகள் கைதட்டுகின்றன. இந்தச் சமத்காரத்தைத்தான் தாங்க முடியவில்லை. மனிதர் சாதுவாகத்தான் இருப்பார், பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவார். திரையில் ஒவ்வொரு படமாக மாறுகிறது. கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி, கண் சிகிச்சை முகாம், எல்லாவற்றிலும் இவர் ஓரத்தில் கைகூப்பி நிற்கிறார். நான் பார்க்கவில்லை, அரைநிலாதான் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வளையம். சாந்து. வளையத்தை வெட்டிக்கொண்டு போகிற சாந்து. "செங்கட்டாம்பட்டிக் கம்மாக்கரைக்குக் கல்லு பாவிக்குடுத்தது யாரு? நாங்க. மஞ்சளோடைத் தடுப்பணை, நாங்க. மூணு வருசத்துக்கு முந்துன மழைக்கு மூணுகண் பாலத்துப் பக்கச் செவுரு சரிஞ்சு, யாருமே எட்டிப் பாக்காதப்ப எடுத்துக் கட்டுனது யாரு? நாங்க."

என்ன சொன்னார். திரும்பச் சொல்லுங்கள். திரும்பச் சொல்லமாட்டார், அடுத்த படத்துக்குப் போய்விட்டார், நீர்மோர்ப் பந்தல். ஆனால் சொன்னார். மூன்று பெயரும், மூன்றும்தான், நான்காவது இல்லை, நான் விட்டது ஒன்றும் இல்லை, அவர் விட்டதும் ஒன்றும் இல்லை. என் மூன்று புள்ளிகளை அவர் வரிசையாக வாசித்துவிட்டுப் போகிறார். மெதுவாக. மெதுவாக யோசி. சாந்து ஈரமாக இருக்கும்போது பூசுகிறவன் பூசிவிட்டுப் போகிறான். சுவர் கட்டி முடிந்த பிறகு பல்லி வந்து முட்டை ஒட்டியிருந்தால் வளையம் எங்கே இருக்கும். சாந்துக்கு மேலே. கல்லிலும் சாந்திலும் சேர்ந்தாற்போல, முழுசாக. அரை வளையம் சாந்துக்கு அடியில் இருக்கிறது என்றால் சாந்துக்கு முன்னாலேயே வளையம் இருந்திருக்கிறது. சுவருக்கு முன்னாலேயே. கல் அதைச் சுமந்துகொண்டுதான் வந்தது. முட்டை பெயர்க்க வராது, கல்லோடு ஒட்டினது, கல்லை லாரியில் ஏற்றினால் முட்டையும் லாரியில் ஏறும், காலியான முட்டையும் ஏறும், பொரியப்போகிற முட்டையும் ஏறும். கண்மாய்க்குப் பாவுகிற கல் வெடிவைத்து எடுத்த கல் இல்லை, வெயிலில் கறுத்த மேல்கல், கையால் பொறுக்கி ஏற்றியது, பாசி படர்ந்திருந்ததை நானே பார்த்தேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரே சமயத்து லோடு, ஒரே வருஷத்து முட்டை, ஒரே வகுப்புப் பிள்ளைகள். அதனால்தான் ஒரே அளவு. அதனால்தான் குஞ்சு இல்லை. அங்கே அவை வாழவில்லை, வந்து இறங்கி மிச்சமிருக்கின்றன, அவ்வளவுதான். பெற்ற இடத்தை விட்டுப் போகாத பிள்ளைகளை இவர்கள் லாரியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள், நான் பின்னாலேயே போய்ப் புள்ளி வைத்து அதை வீடு என்று எழுதியிருக்கிறேன். பழக்கிக்கொண்டிருக்கிறதாம். எளிதில். எழுதின கையை என்ன செய்வது. அந்தப் பெயர் தெரியாதவர் கேட்டாரே, எப்படிப் போயிற்று என்று கேட்டாரே. கரட்டையே பார்க்காத ஒருவருக்குத் தோன்றியது, தினம் இந்த லாரிகளுக்கு ஒதுங்கி முகத்தில் தூசி வாங்குகிற எனக்குத் தோன்றவில்லை. என் வண்டிக்கு முன்னால் கல் சிந்திக்கொண்டு போன லாரியைத் திட்டியிருக்கிறேன். அதில் பல்லி இருக்கும் என்று நினைத்ததில்லை.

பொறு. அது காடைக்கரட்டுக் கல்தானா. இவர் சொன்னது கட்டிக்கொடுத்தோம் என்று மட்டும்தான். கல்லை வேறெங்காவது வாங்கியிருந்தால். வேறெங்கே வாங்கினாலும் அந்தக் கரட்டில் பல்லி இல்லை, நான் ஏறிப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது என் வார்த்தை, என் வார்த்தையின் மதிப்பு அதோ மஞ்சள் அடிக்கோட்டில் தொங்குகிறது. இவர் வாயால் வர வேண்டும். இவர் மறைக்க நினைக்காத நேரத்தில் வர வேண்டும். வந்தால் என்ன ஆகும். பல்லிக்கு மறுபடி ஒரே கரடு. எனக்கு? அடுத்த மாதம் நிரந்தர இடத்துக்கு நேர்காணல். காட்டுவதற்கு இருக்கும் ஒரே கட்டுரை இது. ஏம்மா, நீங்களே தப்பு என்று சொன்ன கட்டுரையையா கொண்டுவந்தீர்கள் என்று கேட்பார்கள். மண்டபத்தில் மைக்கில், வீடியோவில், சொந்த ஊரில், சால்வை போர்த்தின பிரின்சிபால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க. சொல்லாமலும் விடலாம். எழுதி வந்ததை வாசித்துவிட்டு இறங்கலாம், கோபமாக வாசித்தால் கைதட்டுக்கூடக் கிடைக்கும், பாவம், எவ்வளவோ போராடிப் பார்த்தது என்பார்கள். கரட்டை ஓரத்திலிருந்து தின்னத் தொடங்குவார்கள், நான் நாலு இடத்துப் பல்லியின் நிபுணராக இருப்பேன், பிறகு மூன்று இடத்து, கண்மாய்க்கரைக் கிழடுகள் செத்த பிறகு எந்த இடத்துக்கும் இல்லாத பல்லியின் நிபுணர். கிரிதரன் இதற்கும் ஒன்று வைத்திருப்பான். லாரியில் போய்ப் பிழைத்ததா, அப்படியானால் மிச்சத்தையும் லாரியில் ஏற்றி விட்டுவிடலாமே மேடம் என்பான். சொல்லட்டும். குஞ்சைக் காட்டு என்பேன். ஒரு குஞ்சைக் காட்டு. அவனிடம் இல்லை, என்னிடமும் இல்லை, அதுதான் பதில். கோபம் இருக்கிறது, ஆனால் அதற்கு இப்போது கை கால் முளைத்திருக்கிறது. இவ்வளவு நேரம் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. இப்போது என்னையும் சேர்த்துக்கொண்டு வழி பார்க்கிறது.

"முனைவர் அமலோற்பவம்," என்று அதிகாரி கூப்பிடுகிறார். அக்கா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்குகிறாள். "நல்லாக் குடுங்க டீச்சர்," என்கிறாள். குடுக்கிறேன் அக்கா, யாருக்கு விழப்போகிறது என்று தெரியவில்லை. எழுதி வந்த தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுகிறேன். நடுவில் பாதை விட்டிருக்கிறார்கள், கல்யாணக் கம்பளத்தைச் சுருட்டாமல் விட்ட பாதை, ரோஜா இதழ் காய்ந்து கிடக்கிறது. பிரின்சிபால் எனக்கு ஊக்கமாகத் தலையாட்டுகிறார். மைக்கில் துரைப்பாண்டியின் திருநீற்று வாசனை. "வணக்கம். பேசறதுக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகம்," என்கிறேன், என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்கிறது. "மேனேஜர் சார், கண்மாய்க்கரை, தடுப்பணை, மூணுகண் பாலம், மூணும் நல்ல வேலை. நான் மூணையும் நேர்ல பாத்திருக்கேன். அதுக்கெல்லாம் கல்லு எங்கேர்ந்து வந்துச்சு?" அவர் நான் பாராட்டத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறார். முகம் மலர்கிறது. கிரிதரன் மட்டும் பேனாவைச் சுழற்றுவதை நிறுத்துகிறான், அவனுக்கு ஏதோ உறைக்கிறது, கையைத் தூக்கப் பார்க்கிறான். அதற்குள் துரைப்பாண்டி பக்கத்து மைக்கை வாயோடு சேர்த்துவிட்டார். "எங்கேர்ந்து வரும் மேடம்? எல்லாம் நம்ம காடைக்கரட்டுக் கல்லுதான். ஒரு லோடுகூட வெளிய வாங்கல. சாமி மேல சத்தியம்." தொப்பிகள் கைதட்டுகின்றன. தட்டட்டும். வீடியோ எடுக்கிறவர் கேமராவை அவர் பக்கம் திருப்பி, மறுபடி என் பக்கம் திருப்புகிறார். நான் அதிகாரியைப் பார்க்கிறேன். "சார் சொன்னது பதிவாயிருச்சுங்களா?" அவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவரைப் பார்க்கிறார், எழுதுகிறவர் தலையாட்டுகிறார். கைதட்டு ஓயட்டும் என்று நிற்கிறேன். ஓய்கிறது. "கிரிதரன் சார், நான் எடுத்த அந்த முட்டைப் படத்தை மறுபடி போடுங்க," என்கிறேன். அவன் போடவில்லை. "போடுங்க சார். அயராம உழைச்சு எடுத்தது." அதிகாரியும் அவனைப் பார்க்கிறார். அரைநிலா வந்து திரையில் நிற்கிறது, ஓரத்தில் தெர்மாகோல் இதயத்தின் நுனி தெரிகிறது. "இந்த வளையத்துல பாதி சாந்துக்கு அடியில இருக்கு, எல்லாரும் பாத்துக்கங்க," என்கிறேன். "சுவரு கட்டறதுக்கு முன்னாடியே கல்லுல இருந்த முட்டை இது. இந்தப் பல்லிக்கு உலகத்துல ஒரே ஒரு இடம்தான் இருக்கு. மத்த மூணு இடத்துக்கு அது போகல, கம்பெனி லாரி கொண்டுபோச்சு. அது தெரியாம அந்த மூணு புள்ளியையும் வெச்சது நான். என் கட்டுரை தப்பு. எழுதிக்கங்க சார். அமலோற்பவம் சொன்னாங்கன்னு, முழுப் பெயரோட எழுதிக்கங்க."